பந்தயக் கார் திக்குவது ஏன்?

கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் கோளாறும், காசு செலவில்லாமல் அதைத் தீர்க்கும் வழியும்

கார் சீறிப் பாய்கிறது.

வேகம், மணிக்கு 200 கிலோமீட்டர்!

எதிரே ஒரு வளைவு. பிரேக்கை மிதிக்க வேண்டிய இடம் நெருங்கிவிட்டது. வீரன் காலை வைக்கிறான். அந்த நேரம் பார்த்து, படம் அப்படியே நின்றுவிடுகிறது!

கண் மூடித் திறப்பதற்குள் படம் மறுபடி ஓடுகிறது. ஆனால் என்ன பயன்? அதற்குள் கார் பாதையை விட்டு இறங்கி, புல்தரையில் உருண்டுகொண்டிருக்கிறது.

இது உண்மையான பந்தயம் அல்ல. கம்ப்யூட்டரில் ஆடும் கார்ப் பந்தய விளையாட்டு. அதனால் யாருக்கும் அடி இல்லை, காயம் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு தகராறு தொடங்கிவிடும்!

"கார்டு பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டும்" என்பான் மகன். "விலை எவ்வளவு?" என்று கேட்பார் தகப்பனார். விலையைக் கேட்டதும் அவருக்குத் தலை சுற்றும். நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கவே பல ஆயிரம் ரூபாய் வேண்டும். உயர்ந்த ரகம் லட்சத்தைத் தாண்டும்.

கடன் வாங்கியாவது பையனுக்கு வாங்கிக் கொடுக்கிற பெற்றோர் உண்டு. புதுக் கார்டை மாட்டுகிறார்கள். விளையாட்டைப் போடுகிறார்கள். கார் பழையபடியே திக்குகிறது!

ஏன்? நோய் ஒன்று, மருந்து வேறு. அதுதான் காரணம்.

ஒரு வினாடிக்கு 60 படம்

திரையில் கார் ஓடுவது போலத் தெரிகிறது அல்லவா? உண்மையில் அங்கே எதுவும் ஓடவில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கண் அதை ஓட்டம் என்று எடுத்துக்கொள்கிறது.

சினிமாவும் இப்படித்தான். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆனால் சினிமாப் படங்கள் முன்பே எடுத்து முடிக்கப்பட்டவை. அவற்றை வரிசையாகக் காட்டினால் போதும்.

விளையாட்டில் அப்படி முடியாது. வீரன் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவான் என்று யாருக்கும் தெரியாது. அவன் திருப்பிய பிறகுதான் அடுத்த படத்தை வரைய வேண்டும். வரைந்த உடனே காட்ட வேண்டும்.

பெரும்பாலும் வினாடிக்கு 60 படங்கள் வேண்டும் என்று விளையாடுபவர்கள் விரும்புவார்கள். இந்தப் படத்துக்கு "பிரேம்" என்று பெயர்.

ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மில்லி வினாடி என்று பெயர். வினாடிக்கு 60 பிரேம் என்றால், ஒரு பிரேமை வரையக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடிதான். அந்த நேரத்துக்குள் ரோடு, மரம், மக்கள் கூட்டம், வானம், நிழல், எதிரிகளின் கார்கள் எல்லாவற்றையும் வரைந்து முடித்தாக வேண்டும்!

ஒரு பிரேம் மட்டும் நேரத்துக்கு வராமல் தாமதித்தால், பழைய படமே திரையில் நிற்கும். அதுதான் திக்கல்.

கல்யாணப் பந்தி

கம்ப்யூட்டருக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் போதும்.

சமையல் கட்டில் தலைமைச் சமையல்காரர் நிற்கிறார். எந்த இலைக்கு என்ன போட வேண்டும் என்று உத்தரவு கொடுப்பவர் அவர். கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்வது பிராசஸர்.

பரிமாறுகிறவர்கள் நிறையப் பேர். சொன்னதைச் சொன்னபடி மளமளவென்று இலையில் போடுவது அவர்கள் வேலை. அதுதான் கிராபிக்ஸ் கார்டு.

சமையல் கட்டில் ஒரு மேஜை இருக்கிறது. உடனே வேண்டிய பண்டங்கள் அதன் மேல் தயாராக இருக்கும். அதுதான் ராம் என்னும் நினைவகம்.

அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் பின்னால் சாமான் அறையில் கிடக்கின்றன. அதுதான் டிஸ்க்.

சாம்பார் வரத் தாமதமானால் சாப்பிடுகிறவர் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். தாமதத்துக்கு யார் காரணம்? உத்தரவு கொடுக்கிறவரா? பரிமாறுகிறவரா? மேஜையில் இடம் இல்லையா? சாமான் அறையிலிருந்து மூட்டை வரவில்லையா?

இது தெரியாமல், பரிமாற இன்னும் 10 பேரை அமர்த்தினால் சாம்பார் வந்துவிடுமா? வராது. புதுக் கார்டு வாங்கியும் கார் திக்குவது இதனால்தான்.

11 மீட்டர் நஷ்டம்!

மற்ற விளையாட்டுகளில் படம் கொஞ்சம் திக்கினால் பொறுத்துக்கொள்ளலாம். கார்ப் பந்தயத்தில் முடியாது.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், ஒரு வினாடியில் 55 மீட்டருக்கு மேல் போய்விடும். படம் 200 மில்லி வினாடி நின்றால், அதாவது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நின்றால், கார் 11 மீட்டர் தாண்டிவிடும். மூன்று சிறிய கார்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம்!

அந்த 11 மீட்டரை வீரன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

"விளையாட்டுத்தானே, போனால் போகட்டும்" என்று சொல்லலாம். ஆனால் இந்த விளையாட்டு சிலருக்கு வாழ்க்கையையே கொடுத்திருக்கிறது.

அமெரிக்காவில் வில்லியம் பைரன் என்று ஒரு பையன். "ஐரேசிங்" என்ற கம்ப்யூட்டர் பந்தய விளையாட்டில்தான் அவன் முதலில் கார் ஓட்டப் பழகினான். பிறகுதான் உண்மையான காரில் ஏறினான். இன்று அவர் அமெரிக்காவின் புகழ் பெற்ற நாஸ்கார் பந்தய வீரர். அங்கே மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500 பந்தயத்தில் 2024-ம் ஆண்டிலும் 2025-ம் ஆண்டிலும், அடுத்தடுத்து இரண்டு முறை வெற்றி பெற்றார்!

கம்ப்யூட்டரில் திக்கித் திக்கி ஓடும் காரை வைத்துக்கொண்டு இப்படிப் பழக முடியுமா?

பழைய நோய்

இந்த நோய் இன்று நேற்று வந்தது அல்ல.

1998-ம் ஆண்டில் "கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்" என்ற விளையாட்டு வெளிவந்தது. 1967-ம் ஆண்டு கார்ப் பந்தயங்களை அப்படியே காட்டும் விளையாட்டு அது. பாப்பிரஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தயாரித்தது. வினாடிக்கு 36 பிரேமுக்கு மேல் அது போகாது. அந்த 36-ஐ எட்டுவதற்கே அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் திணறின.

அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் டேவ் கேமர். பின்னால் ஐரேசிங் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவர்தான். ஐரேசிங் 2008-ம் ஆண்டில் வெளிவந்தது.

கம்ப்யூட்டரின் வேகம் வளர வளர, விளையாட்டின் பசியும் வளர்ந்தது. அதனால்தான் நோய் தீரவில்லை.

சராசரி என்னும் மாயம்

"என் கம்ப்யூட்டர் வினாடிக்கு 60 பிரேம் காட்டுகிறது. ஆனாலும் திக்குகிறதே!" என்று பலர் குழம்புவார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஸ்காட் வாசன் என்ற அமெரிக்கர். கம்ப்யூட்டர் சாதனங்களைப் பரிசோதித்து எழுதி வந்தவர். 2011-ம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வினாடியில் எத்தனை பிரேம் என்று எண்ணுவது போதாது, ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்க்க வேண்டும் என்று அதில் காட்டினார்.

கணக்கைப் பாருங்கள்.

59 பிரேம்கள் தலா 13½ மில்லி வினாடியில் வந்துவிடுகின்றன. கடைசிப் பிரேம் மட்டும் 200 மில்லி வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மொத்தம் ஒரு வினாடி. பிரேம்கள் 60. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பிரேமில் கார் 11 மீட்டர் பறந்துவிட்டது!

ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி இறங்கியவன், நடுவில் இருந்த மடுவில் மூழ்கிய கதைதான் இது.

ஆகவே, பிரேம் நேரத்தைக் கோடு போட்டுக் காட்டும் கருவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். "எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர்" போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. கோடு சமமாக இருந்தால் நலம். நடுவே பனைமரம் போல ஓங்கி நின்றால், அந்த இடத்தில்தான் திக்கல்.

எப்போது திக்குகிறது?

நோயாளி வந்ததும் வைத்தியர் என்ன செய்கிறார்? "காய்ச்சல் எப்போது வருகிறது? காலையிலா, மாலையிலா?" என்று கேட்கிறார். இங்கேயும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மற்றவர்களின் கார்கள் மட்டும் துள்ளுகின்றனவா? அப்படியானால் குற்றம் இணையத்தில்.

முதல் சுற்றில் மட்டும் திக்கி, அடுத்த சுற்றில் சரியாகிறதா? அது "ஷேடர்" கோளாறு.

முதலில் நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்துத் திக்குகிறதா? அது சூடு.

பந்தயம் தொடங்கும்போது, எல்லாக் கார்களும் கூட்டமாக நிற்கும்போது திக்குகிறதா? பெரும்பாலும் பிராசஸரின் சுமை.

புதிய ஊருக்குள், புதிய ரோட்டுக்குள் நுழையும்போது திக்குகிறதா? டிஸ்க் அல்லது நினைவகம்.

மணி அடித்தது போல, குறிப்பிட்ட இடைவெளியில் திக்குகிறதா? பின்னால் வேறு ஏதோ புரோகிராம் வேலை செய்கிறது.

இனி ஒவ்வொன்றுக்கும் மருந்து.

இணையம் செய்யும் சேட்டை

ரோடும் மரமும் ஒழுங்காக ஓடுகின்றன. எதிரியின் கார் மட்டும் இங்கே மறைந்து அங்கே தோன்றுகிறது. இதற்குக் கம்ப்யூட்டர் பொறுப்பல்ல. எதிரியின் கார் எங்கே இருக்கிறது என்ற செய்தி இணையத்தில் தாமதமாக வருகிறது.

கம்பியில்லா வை-பையை விட்டுவிட்டு, கேபிள் மூலம் இணைத்துப் பார்க்கலாம். அதே நேரத்தில் வீட்டில் வேறு யாரும் பெரிய சினிமாப் படத்தை இறக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இணையக் கோளாறு பெரிய வீரர்களையும் விடுவதில்லை. 2023-ம் ஆண்டு ஜனவரி மாதம், லெ மான் 24 மணி நேரப் பந்தயம் கம்ப்யூட்டரில் நடந்தது. உலக சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் கலந்துகொண்டார். அவருடைய அணி முன்னணியில் இருந்தது. திடீரென்று இணைப்பு அறுந்தது! வெற்றி கையை விட்டுப் போயிற்று. அவருக்கு வந்த கோபத்தை உலகமே பார்த்தது.

முதல் சுற்றுத் திக்கல்

வெளிச்சம், நிழல், தண்ணீர், புகை இவற்றை எப்படி வரைய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை போகிறது. அந்தக் கட்டளைக்கு "ஷேடர்" என்று பெயர்.

ஒவ்வொரு கம்பெனிக் கார்டும் ஒவ்வொரு பாஷை பேசும். ஆகையால், கட்டளையை அந்தந்தக் கார்டின் பாஷைக்கு மாற்ற வேண்டும். விளையாட்டின் நடுவே, புகையோ மழையோ முதன்முதலாக வரும்போது இந்த மாற்றும் வேலை நடந்தால், படம் நின்றுவிடும்.

ஒரு முறை மாற்றியதை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை தொல்லை இல்லை.

ஆகவே, விளையாட்டைத் திறந்ததும் "ஷேடர் தயாராகிறது" என்று அறிவிப்பு வந்தால், அவசரப்பட்டு அதைத் தாண்டக் கூடாது. முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். போட்டிக்கு முன்னால், அந்தப் பாதையில் ஒரு சுற்று தனியாக ஓட்டிவிட வேண்டும்.

கார்டின் "டிரைவர்" புரோகிராமைப் புதுப்பித்தால், எழுதி வைத்தது அழிந்து, மறுபடி முதலிலிருந்து எழுத நேரலாம். "புதுப்பித்ததும் கெட்டுவிட்டது" என்று பயப்பட வேண்டாம். இரண்டு சுற்று ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முக்கியமான போட்டி நாளில் மட்டும் டிரைவரை மாற்றாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

சூடு தலைக்கு ஏறினால்

கம்ப்யூட்டருக்கும் தலைச்சூடு உண்டு!

பிராசஸர்கள் பலவும் 95 அல்லது 100 டிகிரி சென்டிகிரேடு வரை தாங்கும். அது தண்ணீர் கொதிக்கும் சூடு. அதைத் தொட்டால், எரிந்துபோகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் படம் திக்கும்.

லேப்டாப்பை மெத்தையின் மேல் வைத்து விளையாடுகிறவர்கள் உண்டு. அடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தை மெத்தை அடைத்துவிடும். அது, வாயையும் மூக்கையும் பொத்திவிட்டு ஓடச் சொல்வதுபோல. மேஜை மேல் வைத்து, பின்பக்கம் சற்று உயர்த்தினால் காற்று போகும்.

பெரிய கம்ப்யூட்டராக இருந்தால், உள்ளே தூசி பஞ்சு போல அடைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஊதும் கருவியால் தூசியை ஊத வேண்டும். ஊதும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மின்சாரம் வரும் பெட்டியான பவர் சப்ளையை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் ஆளையே அடித்துவிடும்!

லேப்டாப்பில் விளையாடும்போது சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். பாட்டரியில் மட்டும் ஓடினால், மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சமையல்காரரின் சுமை

பந்தயத்தில் 20 கார்கள் என்றால், 20 கார்களின் ஓட்டத்தையும் பிராசஸர் கணக்குப் போட வேண்டும். டயர் எவ்வளவு நழுவுகிறது, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று கணக்குப் போட வேண்டும். ஐரேசிங் விளையாட்டில் இந்தக் கணக்கு வினாடிக்கு 360 தடவை நடக்கிறது!

கார்கள் கூட்டமாக நிற்கும்போது திக்கினால், எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்கலாம். பார்வையாளர் கூட்டத்தைக் குறைக்கலாம்.

பின்னால் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறதே, அது பெரிய தின்னிப் பண்டாரம்! முன்னால் தெரிவதை வரைவதோடு, பின்னால் தெரிவதையும் தனியாக இன்னொரு முறை வரைய வேண்டும். அதன் தரத்தை ஒரு படி குறைத்தாலே பல வீடுகளில் திக்கல் தீர்ந்துவிடும்.

அதேபோல, காரின் பளபளப்பு. வண்ணத்தில் மரமும் மேகமும் பிரதிபலிக்க வேண்டும் என்றால், காரைச் சுற்றி மேல், கீழ், நான்கு பக்கம் என ஆறு திசையிலும் படம் வரைய வேண்டும். காருக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவன் கண்ணுக்கு அந்தப் பளபளப்பு அதிகம் தெரிவதில்லை. அதையும் குறைக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பிராசஸர் 30 சதவிகிதம்தான் வேலை செய்கிறது" என்று கம்ப்யூட்டர் காட்டும். அதை நம்பிவிடக் கூடாது. பிராசஸருக்குள் பல "கோர்" உண்டு. பத்துப் பேரில் ஒருவன் மட்டும் முதுகு ஒடிய வேலை செய்து, மற்றவர்கள் சும்மா இருந்தாலும் சராசரி குறைவாகத்தான் தெரியும். 2016-ம் ஆண்டில் "போர்சா ஹொரைசன் 3" வெளிவந்தபோது, பல கம்ப்யூட்டர்களில் இப்படித்தான் ஒரே கோர் மீது சுமை விழுந்து படம் திக்கியது. பிறகு வந்த திருத்தங்களால் நிலைமை மேம்பட்டது.

சில சமயம் குற்றம் விளையாட்டிலேயே இருக்கும். அதற்கு வீட்டில் மருந்து இல்லை. திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மேஜையும் சாமான் அறையும்

கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக ஒரு நினைவகம் உண்டு. ரோட்டின் தார், சுவரின் செங்கல், காரின் விளம்பரம் எல்லாவற்றின் படங்களும் அதில் இருக்கும். "டெக்ஸ்சர்" தரத்தை மிக உயர்வாக வைத்தால், அது நிரம்பி வழியும். வழிந்ததை ராமில் போய் எடுத்து வர நேரும். அது தூரம், அதனால் தாமதம். டெக்ஸ்சர் தரத்தை ஒரே ஒரு படி குறைத்தால் போதும்.

ராம் போதாவிட்டால், கம்ப்யூட்டர் சில சாமான்களை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். அங்கிருந்து திருப்பி எடுக்கும்போது திக்கும். விளையாடும்போது பிரவுசரில் 30 பக்கங்களைத் திறந்து வைத்திருப்பது, பரிமாறும் நேரத்தில் மேஜை மேல் பழைய பாத்திரங்களை அடுக்கி வைப்பதுபோல.

டிஸ்கில் இரண்டு வகை. பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற தட்டும், ஒரு முறை சுற்ற 8 மில்லி வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஊசி நகர வேண்டிய நேரம் வேறு. ஒரு பிரேமுக்குக் கிடைப்பதே 16.7 மில்லி வினாடி! அதில் பெரும்பகுதியைத் தட்டே விழுங்கிவிட்டால், வேகமாக ஓடும் காருக்கு ரோட்டை யார் கொண்டுவந்து போடுவது?

எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்கில் சுழலும் தட்டே இல்லை. கேட்டதும் கொடுக்கும். ஊர் ஊராகச் சுற்றும் பந்தய விளையாட்டுகளை அதில்தான் வைக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு குறைவு.

தவறவிட்ட பஸ்

எல்லாம் சரியாக இருந்தும் லேசாகத் திக்குகிறதா? மானிட்டரைப் பார்க்க வேண்டும்.

சாதாரண மானிட்டர் ஒரு வினாடிக்கு 60 முறை படத்தை மாற்றும். அது நேரம் தவறாமல் கிளம்பும் பஸ் மாதிரி. 16.7 மில்லி வினாடிக்கு ஒரு பஸ். "வி-சிங்க்" என்ற வசதியைப் போட்டிருக்கும்போது, பிரேம் 17 மில்லி வினாடியில் தயாரானால் பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸுக்காக 33 மில்லி வினாடி வரை காத்திருக்க வேண்டும். ஒரு நூலிழை தாமதம், இரண்டு மடங்காகிவிடுகிறது!

இதற்கு வழி, ஆசையைக் குறைத்துக்கொள்வது. சில நேரம் 90, சில நேரம் 50 என்று ஏறி இறங்குவதைவிட, எப்போதும் எட்டக்கூடிய ஓர் எண்ணில் கட்டிப் போடுவது மேல். பெரும்பாலான விளையாட்டுகளில் அதற்கு வசதி இருக்கிறது. படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து, 60-லேயே நிறுத்தினால் கார் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பிரேம் தயாராகும்வரை காத்திருந்து கிளம்பும் மானிட்டர்களும் வந்துவிட்டன. என்விடியா கம்பெனி 2013-ம் ஆண்டில் "ஜி-சிங்க்" என்ற முறையை அறிவித்தது. ஏ.எம்.டி. கம்பெனியின் "பிரீ-சிங்க்" மானிட்டர்கள் 2015-ம் ஆண்டில் கடைக்கு வந்தன. இந்த வசதி உள்ள மானிட்டரை வாங்கிவிட்டு, செட்டிங்கில் அதைப் போடாமலே வைத்திருப்பவர்கள் உண்டு!

வினாடிக்கு 144 முறை மாற்றும் மானிட்டரை வாங்கி, விண்டோஸில் 60 என்றே விட்டிருப்பவர்களும் உண்டு. டிஸ்பிளே செட்டிங்கில் போய் ஒரு முறை பார்ப்பது நல்லது.

ஒளிந்திருக்கும் வேலைக்காரர்கள்

விளையாடும்போதே ஆண்டி-வைரஸ் சோதனை நடக்கும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். விளையாட்டைப் படம் பிடிக்கும் புரோகிராம் ஓடும். விளக்குகளை மினுக்கும் புரோகிராம் ஓடும்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் "டாஸ்க் மானேஜர்" திறக்கும். யார் யார் எவ்வளவு வேலை வாங்குகிறார்கள் என்று அங்கே தெரியும். வேண்டாதவற்றை மூடலாம். பெயர் தெரியாத ஒன்றை அவசரப்பட்டு மூடக் கூடாது.

"ஒரே நொடியில் கம்ப்யூட்டர் வேகம் இரட்டிப்பு" என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்களை நம்ப வேண்டாம். அவற்றில் பல, திருடனைக் காவலுக்கு வைத்த கதை. டிரைவர் வேண்டுமானால், கார்டைத் தயாரித்த கம்பெனியிடமிருந்தே பெற வேண்டும்.

கார்டு குற்றவாளிதானா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பைசா செலவில்லை.

விளையாட்டில் "ரெசல்யூஷன்" என்று ஓர் அளவு இருக்கும். அதைப் பாதியாகக் குறைக்க வேண்டும். படம் மங்கலாகும், பரவாயில்லை. இப்போது கார்டுக்கு வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பிராசஸரின் வேலை குறையவில்லை.

இப்போது திக்கல் நின்றுவிட்டதா? கார்டுதான் திணறுகிறது.

அப்படியே திக்குகிறதா? கார்டு நிரபராதி! அதை மாற்றுவது வீண் செலவு.

ஒரு நேரத்தில் ஒரு மருந்து

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பத்து செட்டிங்குகளை ஒரேயடியாக மாற்றிவிடுவார்கள். திக்கல் தீர்ந்தால் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அதிகமானால் எதனால் என்றும் தெரியாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பாதை, ஒரே கார், ஒரே வானிலை. மூன்று சுற்று ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். பிறகு ஒன்றே ஒன்றை மாற்ற வேண்டும். மறுபடி மூன்று சுற்று. மறுபடி எழுத வேண்டும். பயனில்லாத மாற்றத்தைப் பழையபடி வைத்துவிட வேண்டும்.

சில விளையாட்டுகளில் "பெஞ்ச்மார்க்" என்ற சோதனை ஓட்டமே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே பாதையில் தானாக ஓடும். ஒப்பிட்டுப் பார்க்க அது மிகவும் வசதி.

இந்த வேலையைப் பிள்ளைகளே செய்யலாம். காரணத்தைத் தேடி, ஒவ்வொன்றாகச் சோதித்து, எழுதி வைத்து முடிவு கட்டுவதுதானே விஞ்ஞானம்? பள்ளிக்கூடப் பாடத்துக்கும் இது உதவும்.

வரிசை இதுதான்

முதலில், செலவில்லாத வேலை: வேண்டாத புரோகிராம்களை மூடுவது, கண்ணாடியையும் டெக்ஸ்சரையும் ஒரு படி குறைப்பது, பிரேமைக் கட்டிப் போடுவது.

அடுத்து, கைவேலை: தூசி ஊதுவது, காற்றுக்கு வழி விடுவது.

அதற்கும் அடுத்து, சிறு செலவு: எஸ்.எஸ்.டி. அல்லது கூடுதல் ராம்.

இத்தனையும் செய்த பிறகு, ரெசல்யூஷன் சோதனையிலும் கார்டுதான் குற்றவாளி என்று தெரிந்தால், அப்போது கடைக்குப் போகலாம். அப்போதும் மகன் வெறுங்கையோடு போய்த் தகப்பனாரிடம் கேட்க வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தைக் காட்டிக் கேட்கலாம்.